துவர்ப்பு கனியும் விதம்: சிவப்பு ஒயின் பாட்டிலுக்குள் முதிர்வது எப்படி?

பழைய ஒயின் என்றாலே நல்ல ஒயின் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் சந்தைக்கு வரும் சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிட வேண்டியவை. அவற்றைப் பத்து ஆண்டு பத்திரப்படுத்தினால் பழவாசம் போய், புளிப்பும் சாராய நெடியும்தான் மிஞ்சும். வைக்க வைக்க மேம்படுபவை ஒரு சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதியிலும் மேம்பாடு தானாக வந்துவிடாது. பாட்டிலுக்குள் ஒரே சமயத்தில் பல வேதிவினைகள் நடக்கின்றன. அவற்றில் எது முந்துகிறது என்பதைக் கார்க் வழியே நுழையும் ஆக்சிஜனும் பாட்டில் இருக்கும் இடத்தின் வெப்பமும் தீர்மானிக்கின்றன.

முதிர்ச்சியைத் தாங்க மூன்று சரக்கு தேவை: போதிய டானின் (துவர்ப்பைத் தரும் பொருள்), போதிய புளிப்பு, செறிவான பழச்சாறு. கபர்னே சோவின்யோன், நெபியோலோ, சிரா, சாஞ்சோவேசே போன்ற திராட்சைகள் இதில் பேர்போனவை. பினோ நுவாரில் டானின் குறைவு. இருந்தும் பிரான்சின் புர்கோன் (பர்கண்டி) வட்டாரத்தின் சிறந்த பினோக்கள் புளிப்பையும் செறிவையும் நம்பியே பல பத்தாண்டு நிற்கின்றன. சில வட்டாரங்களில் காத்திருப்பைச் சட்டமே தொடங்கிவைக்கிறது. இத்தாலியின் பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரிசர்வாவுக்கு ஐந்து ஆண்டு.

1976 மே 24 அன்று பாரிஸில், பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னிய ஒயின்களையும் பெயர் மறைத்துச் சுவைத்து மதிப்பெண் போட்டார்கள். அதில் சிவப்பு ஒயின்களில் கலிஃபோர்னியாவின் ரிட்ஜ் மான்ட்டே பெல்லோ 1971 ஐந்தாம் இடத்தில் நின்றது. சரியாக 30 ஆண்டு கழித்து, 2006 மே 24 அன்று அதே சிவப்பு ஒயின்களை மறுபடி திறந்தபோது அதுவே முதலிடம் பிடித்தது. இளமையில் முந்தும் ஒயின் வேறு, நீண்ட ஓட்டத்தில் முந்தும் ஒயின் வேறு.

நாக்கில் நடப்பது

அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணியது தமிழ். உடலியல் கணக்கில் அது பெரும்பாலும் தொடுவுணர்வு. திராட்சையின் தோல், கொட்டை, காம்பிலிருந்து ஒயினுக்குள் இறங்கும் டானின் மூலக்கூறுகள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துத் திரித்துவிடுகின்றன. வாயை வழவழப்பாக வைத்திருந்த படலம் கலைந்ததும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. பால் சேர்க்காத கடுந்தேநீர் குடித்தால் வாய் இழுத்துப் பிடிக்குமே, அதே வேலைதான்.

ஆண்டுகள் போகப் போக இந்தப் பிடிப்பு தளர்கிறது. டானின்கள் ஒன்றோடொன்று கோத்து நீண்டு, கனத்து, அடியில் படிந்துவிடுவதால்தான் தளர்கிறது என்பது பழைய விளக்கம். அது பாதி உண்மைதான். பெரிய டானின்கள் பொதுவாக அதிகம் துவர்க்கும். வெறுமனே நீண்டுகொண்டே போனால் ஒயின் கடுமையாக அல்லவா ஆக வேண்டும்? ஒயினின் புளிப்பு அந்தச் சங்கிலிகளை மெல்ல அறுத்துக்கொண்டும் இருக்கிறது. அறுந்த துண்டுகள் சாயப் பொருள்களோடும் பிறவற்றோடும் புதிதாகச் சேர்கின்றன. ஆக்சிஜன் பட்ட சங்கிலிகள் தமக்குள்ளேயே முடிச்சிட்டுச் சுருண்டுகொள்கின்றன. இப்படி உருமாறியவற்றுக்குப் புரதத்தைப் பற்றும் வலு குறைவு. அதனால் இருபது ஆண்டு முதிர்ந்த நல்ல ஒயினில் டானின் இருப்பது தெரியும், ஆனால் உப்புத்தாள் போல உரசாது, மெல்லிய துணி போலப் படியும்.

நிறமும் இதே கதையைத்தான் சொல்கிறது. ஒயின் ஊற்றிய கோப்பையை வெள்ளைத்தாளின் மேல் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். இளம் ஒயினில் விளிம்புவரை ஊதா ஓடும். எட்டுப் பத்து ஆண்டில் மாதுளை நிறம். இருபதைத் தாண்டும்போது நடுவில் செங்கல் சிவப்பும் விளிம்பில் பழுத்த இலையின் ஆரஞ்சும் தெரியும். ஊதாவைத் தருவது ஆந்தோசயனின். அது தனித்திருக்கும்வரை பலவீனமானது: ஒயினின் புளிப்பு நிலையில் அதில் பெரும்பகுதி நிறமற்ற வடிவத்தில் இருக்கும், ஒயினைக் காக்கச் சேர்க்கும் சல்பர் டை ஆக்சைடும் அதை வெளுக்கச் செய்யும். டானினோடு இணைந்த பிறகு வெளுக்காது. கூடவே செம்பழுப்புச் சாயலும் ஏறும். கரைந்து நிற்க முடியாத அளவு பெருத்தவை கருஞ்சிவப்பு மண்டியாக அடியில் இறங்கும். மண்டி கெட்டுப்போனதற்கான அடையாளம் அல்ல.

மணத்தில் நடக்கும் மாற்றத்தைப் பண்டமாற்று என்றே சொல்லலாம். புதுப்பழ வாசம் தரும் எஸ்டர்களில் பல சிதைந்துபோகின்றன. சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடந்தவை மெல்ல விடுபடுகின்றன. சிறு அளவில் உருவாகும் டைமெத்தில் சல்ஃபைடு, கறுப்பு ஆலிவ், நிலக்காளான் போன்ற வாசனையைத் தருகிறது. தோல், புகையிலை, தேவதாரு, மழை நனைத்த காட்டுமண் என்றெல்லாம் வருணிக்கப்படும் மணங்கள் இந்தக் கட்டத்துக்கு உரியவை. பழவாசம் முழுவதும் தீர்ந்த பிறகு இவை மட்டும் நின்றால் ஒயின் உலர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டும் சேர்ந்திருக்கும் சில ஆண்டுகளே பதம்.

மில்லிகிராம் கணக்கு

1860களில் லூயி பாஸ்டர் ஒயினைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, சிலவற்றில் காற்று விட்டும் சிலவற்றில் விடாமலும் ஒப்பிட்டுப் பார்த்தார். முதிர்ச்சிக்கு ஆக்சிஜன் காரணம் என்று அவர் முடிவுசெய்தார். ஆனால் தேவைப்படும் அளவு மிகமிகக் கொஞ்சம். நல்ல இயற்கைக் கார்க் வழியாக ஓராண்டில் உள்ளே போவது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். கார்க் மரப்பட்டை என்பதால் ஒன்றுக்கு மற்றொன்று பல மடங்கு வேறுபடும். ஒரே பெட்டியில் வாங்கிய பன்னிரண்டு பாட்டில் இருபது ஆண்டு கழித்துப் பன்னிரண்டு விதமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

உள்ளே வரும் ஆக்சிஜன், ஒயினில் கரைந்துள்ள இரும்பு, செம்பு அயனிகளின் துணையோடு பெராக்சைடு ஆகி, ஆல்கஹாலில் சிறு பங்கை அசிடால்டிஹைடாக மாற்றுகிறது. டானினையும் சாயத்தையும் பாலம்போட்டு இணைப்பது அதுதான். அளவு மீறினால் அதே பொருள்தான் வெட்டிவைத்து வாடிப்போன ஆப்பிள் வாசனையைத் தருகிறது. அடைக்கும்போது சேர்த்த சல்பர் டை ஆக்சைடு இந்த மீறலைத் தடுக்கும் காவல். அது தீரத் தீர ஒயினின் ஆயுளும் தீரும். இரண்டு பாட்டில் அளவைக் கொள்ளும் 1.5 லிட்டர் மேக்னம் மெதுவாக முதிர்வதும் இதனால்தான்: ஒயின் இரட்டிப்பு, ஆக்சிஜன் நுழையும் வாசல் ஏறத்தாழ அதே அளவு.

நிலவறை

12 முதல் 14 டிகிரி செல்சியஸ் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் அளவு. 25 டிகிரியில் வைத்தால் இருபது ஆண்டு முதிர்ச்சியை எட்டே ஆண்டில் பெற்றுவிடலாமே என்று தோன்றும். அப்படி நடக்காது, காரணம் முக்கியமானது. வெப்பம் ஏறும்போது எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. டானின் கனியும் வினை கொஞ்சம் விரைந்தால், பழவாசத்தைச் சிதைக்கும் வினையும் சல்பரைத் தின்னும் வினையும் அதைவிட விரைந்துவிடக்கூடும். கிடைப்பது சீக்கிரம் முதிர்ந்த ஒயின் அல்ல; காய்ச்சிய பழக்கூழ் வாசமும் கடுமை தணியாத டானினும் கொண்ட வேறொரு திரவம்.

வெப்ப ஏற்ற இறக்கம் இன்னொரு சேதமும் செய்யும். 20 டிகிரியில் அடைத்த 750 மி.லி. ஒயின் 40 டிகிரிக்குப் போனால் சுமார் 5 மி.லி. பெருகும். கழுத்தில் கார்க்குக்குக் கீழே இருக்கும் வெற்றிடமே அவ்வளவுதான். ஒயின் கார்க்கைத் தள்ளும் அல்லது ஓரமாகக் கசியும். பிறகு குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும். 24 மி.மீ. விட்டமுள்ள கார்க்கை 18.5 மி.மீ. கழுத்துக்குள் நெருக்கிச் செருகியிருப்பதால் ஓரிரு முறை தாங்கும். ஒவ்வொரு கோடையிலும் தாங்காது. எனவே சீராக 16 டிகிரியில் இருக்கும் இடம், 10க்கும் 22க்கும் இடையே ஊசலாடும் இடத்தைவிட மேல்.

அளக்கும்போது காற்றின் வெப்பத்தை நம்ப வேண்டாம். ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வெப்பமானியின் முனையை அதற்குள் விட்டு, மற்ற பாட்டில்களுக்கு நடுவே வையுங்கள். ஒயின் உணரும் வெப்பம் அதுவே. அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிந்துவைக்கும் வெப்பமானி என்றால் ஓராண்டு முழுதும் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். ஈரப்பதம் 60 முதல் 75 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் லேபிளில் பூஞ்சை பிடிக்கும், ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. கார்க் நனைந்தே இருக்கப் பாட்டிலைப் படுக்க வையுங்கள். திருகுமூடி என்றால் நிற்கலாம். இருட்டு அவசியம். சாதாரண ஃப்ரிட்ஜ் சில வாரங்களுக்குச் சரி, ஆண்டுக்கணக்குக்கு அல்ல: குளிர் மிகுதி, காற்றும் வறண்டது.

பழைய பாட்டிலை வாங்கும் முன் கழுத்தைப் பாருங்கள். இருபது ஆண்டு ஒயினின் மட்டம் கழுத்தின் அடிவரை இருந்தால் நல்லது; தோள்பட்டையின் நடுவுக்கு இறங்கியிருந்தால் விட்டுவிடுவதே புத்தி. மேலெழும்பிய கார்க்கும் உறையோரப் பிசுக்கும் வெப்பத்தில் அவதிப்பட்ட அடையாளங்கள்.

எப்போது திறப்பது என்பதற்கு ஒரே நேர்மையான வழி, ஒரே ஒயினில் ஆறு பாட்டிலாவது வாங்கி இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று திறந்து குறிப்பெழுதுவதுதான். இடையில் சில ஆண்டுகள் ஒயின் வாய்மூடிக் கிடக்கும். பழவாசம் அடங்கியிருக்கும், முதிர்ந்த மணமும் வந்திருக்காது. அப்போது கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

திறக்கும் நாள்

இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி நிறுத்துங்கள், மண்டி அடிக்கு இறங்கட்டும். இருபது ஆண்டு கடந்த கார்க் நடுவில் உதிரும் என்பதால், சுருள் கம்பியைவிட இரண்டு தகடுகளை ஓரமாக இறக்கித் திருகி எடுக்கும் கருவி பாதுகாப்பானது. உறையை முழுதும் உரித்துவிட்டு, கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, கை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக டிகேன்டர் எனும் அகன்ற கண்ணாடிக் குடுவையில் சாய்த்து ஊற்றுங்கள். தோள்பட்டையில் புகைக்கோடு போல மண்டி நகரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அடியில் ஒரு வாய் அளவு மிஞ்சும். அதைச் சேர்த்தால் முழுதும் கலங்கிக் கசக்கும்.

இளம் ஒயினை டிகேன்டரில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம். அதனால் அது முதிர்ந்துவிடாது. கலக்கி ஊற்றும்போது பல ஆண்டு கார்க் வழி வரும் ஆக்சிஜன் ஒரே மணியில் கரைந்தாலும், டானின் அவ்வளவு வேகமாக உருமாறாது. மூடிக்கிடந்த கந்தக நெடி பறந்து மணம் திறக்கும், அவ்வளவுதான். முதிர்ந்த ஒயினுக்கு அந்த நேரமும் ஆபத்து. ஊற்றியதும் பரிமாறுங்கள், 16 முதல் 18 டிகிரியில்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சுழற்றும் முன்பே ஒருமுறை முகருங்கள், பழுது முதலில் அங்கேதான் தெரியும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் பழுதான கார்க்கிலிருந்து இறங்கும் டிரைகுளோரோஅனிசோல்: லிட்டருக்குச் சில நானோகிராமே போதும், நேரம் ஆக ஆகக் கூடுமே தவிரக் குறையாது. நகப்பூச்சு நெடி என்றால் எத்தில் அசிடேட். லாய வாடையும் காயப் பிளாஸ்டர் வாடையும் பிரெட்டானோமைசஸ் ஈஸ்ட்டின் வேலை. லேசாக இருந்தால் சிலர் ரசிப்பார்கள், மிகுந்தால் பழத்தை விழுங்கிவிடும்.

பிறகு ஒரு வாய் எடுத்து, பத்து நொடி வாய் முழுதும் பரவவிட்டு, துவர்ப்பு எங்கே உட்காருகிறது என்று கவனியுங்கள். ஈறின் முன்புறத்தில் கரகரவென்று இழுத்தால் இன்னும் காலம் இருக்கிறது. நாக்கின் நடுவில் மெத்தென்று படிந்து, விழுங்கிய பின்னும் மணம் அரை நிமிடம் நின்றால், அந்தப் பெட்டியில் மிச்சமிருக்கும் பாட்டில்களை இனித் தள்ளிப்போட வேண்டாம்.