கன்று நிறுவனம்: ‘ஸ்பின்-ஆஃப்’ என்பதற்கு ஒரு நாஞ்சில் சொல்

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். ஆய்வகத்தில் கண்டுபிடித்ததைத் தொழிலாக்குவது எப்படி என்பதுதான் பேச்சு. ‘ஸ்பின்-ஆஃப் கம்பெனி’ என்பதை அழைப்பிதழில் ‘சுழல் நிறுவனம்’ என்று போட்டிருந்தார்கள். முதலாமாண்டுப் பையன் ஒருவன் என்னிடம், “சுழல்னா மோட்டார் கம்பெனியா சார்?” என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையே இல்லை. பிழை சொல்லில் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் பேராசிரியரோ ஆய்வு மாணவரோ கண்டறிந்த ஒன்றை மூலதனமாகக் கொண்டு, அங்கிருந்து பிரிந்து தனியாகப் பதிவாகும் நிறுவனமே ஸ்பின்-ஆஃப். காப்புரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். நிறுவனம் அதற்கு உரிமம் பெறும். பல்கலைக்கழகத்துக்கு ராயல்டியோ பங்கோ போய்ச் சேரும். கூகுளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது உருவாக்கிய, இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டுக்கு உரியதாக இருந்தது. 1998இல் கம்பெனி தொடங்கியது. உரிமத்துக்கு ஈடாகக் கிடைத்த பங்குகளை விற்றதில், 2005க்குள் ஸ்டான்ஃபோர்டுக்கு 33 கோடி டாலருக்கு மேல் வந்தது. நம் பக்கத்தில் அக்னிகுல் இருக்கிறது. சென்னை ஐஐடி பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியும் சேர்ந்து 2017இல் தொடங்கிய ராக்கெட் நிறுவனம் அது. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக எடுத்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்தின் செயற்கை இதய வால்வு இதில் சேராது. சித்திரா உருவாக்கிய நுட்பத்தை, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த டிடிகே குழுமம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அது வாழைக்குலையை வெட்டி விற்பது மாதிரி. ஸ்பின்-ஆஃப் கன்றைப் பிரித்து நடுவது.

ஆங்கிலத்தில் ‘ஸ்பின்’ என்றால் முதலில் நூற்றல். இழையை இழுத்து முறுக்கும் வேலை. குமரிக் கடலோர ஊர்களில் தேங்காய்த் தும்பைத் திரித்துக் கயிறாக்குகிறார்களே, அதேதான். பிறகு சுழலுதல் என்ற பொருள் வந்தது. சுழலும் ஒன்றிலிருந்து தெறித்து விலகுவது ‘ஸ்பின் ஆஃப்’. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க வணிக உலகம் இதைப் பிடித்துக்கொண்டது. தாய்க் கம்பெனி ஒரு பகுதியைத் தனிக் கம்பெனியாக்கி, அதன் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுப்பதைத்தான் அப்போது குறித்தது. பல்கலைக்கழகம் அதற்குள் வந்தது பின்னால். அரசுப் பணத்தில் செய்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே உரிமையாக்கிக்கொள்ள அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு பே-டோல் சட்டம் வழிவிட்ட பிறகு, சொல் அங்கே வேகமாகப் பரவியது.

தமிழில் கிளை நிறுவனம், துணை நிறுவனம், சேய் நிறுவனம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். கிளை மரத்தைவிட்டுப் பிரியாது; வங்கிக் கிளைக்குத்தான் அது பொருந்தும். துணை நிறுவனம் தாய்க் கம்பெனியின் கட்டுப்பாட்டிலேயே இருப்பது. சேய் பரவாயில்லை. ஆனால் பிரித்து வேறிடத்தில் வைப்பது என்ற செயல் அதில் இல்லை.

திருவட்டாறு பக்கம் மாமாவின் விளையில் (தோட்டத்தில்) ஏத்தன் வாழைக்கன்று எடுக்கப் போயிருந்தபோதுதான் சொல் கிடைத்தது. ஒரு வாழை மூடு. மூடு என்றால் அடிப்பகுதி. அதைச் சுற்றி ஐந்தாறு கன்றுகள். அகல இலையோடு தளதளவென்று நின்ற ஒன்றை நான் காட்டினேன். “எலயப் பாத்து எடுக்காத மக்களே, மூட்டப் பாத்து எடு” என்றார். அகல இலைக் கன்று தாய்க் கிழங்கின் மேலோட்டத்தில் ஒட்டியிருப்பது, பிடிப்பு குறைவு. அடி பருத்து, இலை ஈட்டி போல ஒடுங்கியிருப்பதுதான் ஆழத்திலிருந்து வருவது. அதன் பக்கத்தில் கடப்பாரையை இறக்கி நெம்பினார். கிழங்கோடு பெயர்ந்து வந்தது. வேரைச் சீவி, அழுகல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, அடுத்த தடத்தில் நட்டார்.

கன்று என்றால் மாட்டின் கன்று மட்டும்தானே என்பவர்கள் தொல்காப்பிய மரபியலைப் பார்க்கலாம். பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய நான்கும் ஓரறிவுயிருக்கும், அதாவது செடி, கொடி, மரங்களுக்கும், பொருந்தும் என்கிறது. நெல்லும் புல்லும் மட்டும் விலக்கு. தென்னம்பிள்ளையும் வாழைக்கன்றும் அந்த வழக்கின் தொடர்ச்சி. உவமையில் ஒரு குறை உண்டு. குலை தள்ளிய தாய்வாழை மடிந்துவிடும், பல்கலைக்கழகம் மடியாது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

புத்தொழில் என்று நம் அரசு சொல்வது ஸ்டார்ட்-அப்பை. கன்று நிறுவனம் எல்லாமே புத்தொழில்தான். புத்தொழில் எல்லாம் கன்று அல்ல. கல்லூரி வளாகத்தில் ஓர் அறையும் பெயர்ப்பலகையும் வாங்கிக்கொண்டு, ஆய்வோடு ஒட்டே இல்லாத நிறுவனங்களை நிறையப் பார்க்கிறேன். அவை அகல இலைக் கன்றுகள்.

எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி, இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் மையம் என்று தாய்மூடுகள் இங்கேயே நிற்கின்றன. திருப்பதிசாரத்தின் நெல் விதை கம்பெனிக்குப் போகாமல் உழவருக்கே போவது சரி. எல்லா ஆய்வையும் தொழிலாக்க வேண்டியதில்லை. ஆனால் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தையும் கிராம்பையும் பதப்படுத்தும் நுட்பம் இங்கே பிறந்தால், அதை எடுத்துக்கொண்டு நம் பிள்ளைகள் பெங்களூருக்கு ரயில் ஏறத் தேவையில்லை. மாமா கன்றை நட்டது அதே விளையில், நாலு முழம் தள்ளி.

பேராசிரியர்களும் மாணவர்களும் நிறுவனம் தொடங்க, ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டுக் கொள்கை இடம் தருகிறது. கல்லூரி செய்துதரும் வசதிக்கு ஈடாக 2 முதல் 9.5 விழுக்காடு வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம். அடுத்த அழைப்பிதழில் இப்படி அச்சிடலாம்: ‘எங்கள் ஆய்வகத்திலிருந்து கன்று பிரிந்த நிறுவனம்; தாய்ப் பல்கலைக்கழகத்தின் பங்கு 5 விழுக்காடு.’ வினைச்சொல்லாக வேண்டுமென்றால், கன்று பிரித்தல்.