முழங்கால் வலி என்று எழுதியிருந்தது

மருத்துவர் அனுப்பிய துண்டில் "இரு முழங்கால்களிலும் வலி" என்றுதான் எழுதியிருந்தது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வசிக்கும் 62 வயது அம்மா, துணைக்கு மகன். கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து மீண்டும் உட்காரும்படி சொன்னேன். முழங்காலைப் பார்க்க இயன்மருத்துவர்களான (பிசியோதெரபிஸ்ட்) நாங்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை அது. இரண்டு தடவை எழுந்தார். மூன்றாவது தடவை சேலைக் கொசுவத்தைப் பற்றிக்கொண்டு, கால்களை ஒட்டிவைத்தபடி, "இனி ஏலாது பிள்ளை" என்றார். வலியென்றால் முகம் சுருங்கும். அவருடைய முகம் சுருங்கவில்லை. பார்வை மட்டும் மகனிடம் போய்த் திரும்பியது.

மகனைக் கீழே அனுப்பி, கிளினிக் கொப்பியை எடுத்துவரச் சொன்னேன். கதவு சாத்திய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எழும்பினால், இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது; எட்டு வருடங்களாக. முன்பு ஒருமுறை மருத்துவரிடம் போயிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சிங்களம் போதாது, மகன்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். பெற்ற மகனின் வாயால் சொல்லக்கூடிய நோயா இது? முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முழங்கால் வலியும் பொய்யில்லை.

இங்கே நான் சொல்லும் பெண்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் கொழும்பில் இயன்மருத்துவராக வேலை செய்யும் நான் இந்த அம்மாவைப் போன்றவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். முதுகுவலி, இடுப்புவலி, கால்வலி என்று ஏதோ ஒரு பெயரில் வருவார்கள். நாங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்டதும் அழுதவர்களும் உண்டு.

இடுப்பெலும்பின் அடியில், முன்னே அடிவயிற்றின் கீழுள்ள பூப்பென்பிலிருந்து பின்னே வால் எலும்புவரை, ஏணைச் சேலையைப் போல ஒரு தசைத்தொகுதி விரிந்திருக்கிறது. இதுவே இடுப்புத்தளம். ஏணைக்குள் பிள்ளை கிடப்பதுபோல, சிறுநீர்ப்பையும் கருப்பையும் மலக்குடலும் இதன்மேல் இருக்கின்றன. அவற்றைத் தாங்குவதும், சிறுநீரையும் மலத்தையும் காற்றையும் வேண்டிய நேரம்வரை அடக்குவதும், வேண்டிய நேரத்தில் தளர்ந்து வழிவிடுவதும் இந்தத் தசைகளின் வேலை. கர்ப்பத்தின் பாரம், பிரசவத்தில் ஏற்படும் இழுபடலும் கிழிவும், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், மாதவிடாய் நின்ற பிறகு திசுக்கள் மெலிவது, வருடக்கணக்கான இருமல், மலச்சிக்கலில் முக்குவது, உடற்பருமன் எல்லாம் இதைப் பாதிக்கும். சிசேரியன் செய்தவர்கள் முற்றாகத் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பத்து மாதம் பாரம் சுமந்தது இதே ஏணைதான்.

பிள்ளை பெற்றவளை நாங்கள் எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறோம்! சரக்குக் கறி, பத்தியம், வேது நீர், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. பால் போதுமா, தையல் காய்ந்ததா என்று வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவும் கேட்கிறார். சிறுநீர் கசிகிறதா என்று அம்மாவோ மாமியோ கேட்டதாக என்னிடம் வந்த பெண்களில் எவரும் சொன்னதில்லை. "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்ற ஒரு வரியில் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற பலருக்கும் கசிவு வருவது உண்மை. அதற்காக ஆயுள் முழுவதும் நப்கினோடு வாழ வேண்டும் என்பது உண்மையே அல்ல. அந்த வரி எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

தெமட்டகொடையிலிருந்து ஓர் இளம் தாய் வந்தார். சுஜூதிலிருந்து (தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் நிலை) எழும்பும்போது கசிந்துவிடுகிறது, மறுபடி வுளூச் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்ய வேண்டியிருக்கிறது, ஒரு தொழுகையை முடிக்க மூன்று தடவை குளியலறைக்குப் போகிறேன் என்றார். "யூடியூப் பார்த்து ஆறு மாதமாக இடுப்புத்தளப் பயிற்சி செய்கிறேன் மிஸ், கசிவு கூடித்தான் போகிறது" என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

ஒரு துவாயை இறுக்கமாகச் சுருட்டி, மரக்கதிரையில் நீளவாக்கில் வைத்து, குதிரையில் ஏறியிருப்பதுபோல அதன்மேல் இருக்கச் சொன்னேன். "நீங்கள் செய்யும் பயிற்சியை இப்போது செய்யுங்கள்." மூச்சைப் பிடித்தார், வயிறு முன்னே தள்ளியது, தோள் உயர்ந்தது. துவாய் என்ன செய்கிறது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "இன்னும் அமுங்குகிறது மிஸ்" என்றார். விஷயம் அதுதான். தசை மேலே உயர்ந்து துவாயிலிருந்து விலக வேண்டும். அவர் ஆறு மாதமாக அதைக் கீழே முக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரிடம் குற்றம் இல்லை. இந்தத் தசை கண்ணுக்குத் தெரியாது. 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாயால் மட்டும் விளக்கிவிட்டுச் சோதித்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர்தான் சரியாகச் சுருக்கினார்கள். நால்வரில் ஒருவர் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் செய்தார். 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னோல்ட் கீகலுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் விரலால் சோதித்துக் கற்றுக்கொடுத்தார், தசையின் அழுத்தத்தை அளக்க ஒரு கருவியையும் செய்தார். எங்களுக்கு வந்து சேர்ந்ததோ "இறுக்கிப் பிடியுங்கள்" என்ற பாதி மட்டும்.

சரியான முறை இதுதான். முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். சபையில் இருக்கும்போது காற்றை அடக்குவதுபோலப் பின்பக்கத்தைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை முன்னே சிறுநீர் வாசல்வரை கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி உயர்த்துங்கள். மூச்சு வழக்கம்போல் ஓட வேண்டும். புட்டமும் தொடையும் இறுகக்கூடாது. முடிந்த அளவு விநாடிகள் பிடியுங்கள். நாளடைவில் பத்துவரை போகலாம். பிறகு முழுவதும் தளரவிடுங்கள், பிடித்த அளவு நேரமாவது ஓய்வு கொடுங்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது 8 சுருக்கங்கள், நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதங்கள், அதுவும் ஒருவரின் மேற்பார்வையில் என்று பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) நிறுவனம் சொல்கிறது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகும் பழக்கத்தை அது குழப்பிவிடும்.

மூன்று மாதமா என்று மலைக்க வேண்டாம். தசை வலுப்பெற அவ்வளவு காலம் வேண்டும், ஆனால் ஒரு நுணுக்கம் விரைவாகக் கைகொடுக்கும். இருமல் வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே சுருக்கி, இருமி முடியும்வரை பிடித்திருப்பது. 1998இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதிய பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தபோது, ஒரு கிழமையிலேயே இருமலின்போது கசியும் அளவு குறைந்தது. அந்த இளம் தாய்க்கும் இதைத்தான் முதலில் பழக்கினேன்: சுஜூதிலிருந்து எழும்புவதற்குச் சற்று முன் சுருக்குங்கள், மூச்சை விட்டபடி எழும்புங்கள்.

இடுப்புத்தளப் பிரச்சினை என்றதும் எல்லோரும் இந்தப் பயிற்சியில் இறங்கிவிடவும் கூடாது. சிலருக்குத் தசை ஏற்கனவே இறுகிக் கிடக்கும். தாம்பத்தியத்தில் தாங்க முடியாத வலி, சிறுநீர் முழுதாகப் போகாத உணர்வு, எவ்வளவு முக்கியும் மலம் வராமை எல்லாம் அதனாலும் வரலாம். கலியாணமாகி இரண்டு வருடமாகிறது, இன்னும் பிள்ளை இல்லையா என்று ஊரே கேட்கும். வலியால் உறவே சாத்தியப்படவில்லை என்பதை அந்தப் பெண் யாரிடம் சொல்வாள்? இவர்களுக்கு மூச்சோடு சேர்த்துத் தளர்த்தப் பழக்குவதே சிகிச்சை. இறுக்கும் பயிற்சி கொடுத்தால் வலி கூடும்.

பழக்கங்களையும் பார்க்க வேண்டும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் அதிகம். அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், மலச்சிக்கலையும் கொண்டுவரும். நாளுக்கு ஆறேழு தேத்தண்ணீர் குடிப்பவர்கள் அதைக் குறைத்துப் பார்க்கலாம். வெளியே கிளம்பும்போதெல்லாம் "எதற்கும் ஒருதரம் போய்விட்டு வருகிறேன்" என்று போவது சிறுநீர்ப்பையைக் கொஞ்சத்துக்கே அவசரப்படப் பழக்கிவிடும். ஒரு சராசரிப் பை 400 முதல் 500 மில்லிலீற்றர்வரை கொள்ளும். தொடர்மாடிகளில் எல்லாம் கொமோட் வந்துவிட்டது. மலச்சிக்கல் உள்ளவர்கள் காலடியில் ஒரு சிறு பலகையை வைத்து, முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்திச் சற்று முன்சாய்ந்திருந்தால், குந்தியிருப்பதுபோல வழி நேராகும்.

ஆண்களுக்கும் இந்தத் தசை உண்டு. புரஸ்டேட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த பிறகு பலருக்குக் கசிவு வருகிறது. சத்திரசிகிச்சைக்கு முன்பே பயிற்சியைக் கற்றுக்கொண்டு வாருங்கள். வலியிலும் கவலையிலும் கிடக்கும்போது புதிதாகப் பழகுவது கடினம்.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிவு, யோனி வாசலில் கட்டிபோல ஏதோ இறங்குவது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று சிறுநீரே போகவில்லை என்றாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வெள்ளவத்தை அம்மா மூன்றரை மாதம் பயிற்சி செய்தார். கடுமையாகத் தடிமன் பிடித்தால் இன்னமும் சிறிது கசிகிறது. ஆனால் ஆறு வருடமாகப் போகாத நல்லூர்த் திருவிழாவுக்கு இந்த ஆவணியில் இரவு பஸ்ஸில் போய்வந்தார். போன வருடங்களில் மூட்டுவலி என்று சொல்லி வீட்டில் நின்றாராம். நடுவழியில் தேத்தண்ணீருக்கு நிறுத்தியபோதுதான் இறங்கினேன், மற்றவர்களைப் போல, என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். பெண்நோயியல் கிளினிக்கில் இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். 35, 45 வயதுகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகும்போது அங்குள்ள மருத்துவமாதுவிடமும் சொல்லலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் உள்ளே சோதிக்க முடியாது; வேண்டாம் என்றால் வேறு வழிகளில் பழக்குவோம். மூன்று நாட்கள் எப்போது, எவ்வளவு சிறுநீர் போனது, எப்போது கசிந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் ஓர் அளவுக் கோப்பை இருந்தால் போதும். பதியும்போதே தமிழ் பேசும் பெண் ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் அக்காவையோ தங்கச்சியையோ கூட்டி வாருங்கள். மகன் வெளியே வாங்கில் இருக்கட்டும்.