கார்புரேட்டரைத் தொடும் முன் ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பாருங்கள்

'ஐடிலிங் நிக்க மாட்டேங்குது' (ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் சீராக ஓடாமல் அணைந்துவிடுகிறது), 'மைலேஜ் விழுந்துடுச்சு' என்று ஒரு பைக் பட்டறைக்கு வந்தால், நான் முதலில் பார்ப்பது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பௌலை மூடியிருக்கும் ஸ்க்ரூக்களின் தலையைத்தான். நான்கு முனைக் காடி உருண்டு வெறும் குழியாகியிருந்தால் கதை தெரிந்துவிடும்: யாரோ ஏற்கெனவே கைக்குக் கிடைத்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திறந்திருக்கிறார்கள். உள்ளே அடைத்திருக்கும் அழுக்கைக் கழுவி எடுத்துவிடலாம். வேலையை இழுத்தடிப்பது தலை அழிந்த ஸ்க்ரூவும், காடியின் விளிம்பு உடைந்த ஜெட்டும்தான் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகு).

ஸ்டார் என்று நாம் பொதுவாகச் சொல்லும் முனையில் பல வகை உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது பிலிப்ஸ், 1936-இல் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்றது. மிக்குனி, கெய்ஹின் போன்ற ஜப்பானிய கார்புரேட்டர்களில், முக்கியமாகப் பழையவற்றில், இருப்பது ஜப்பானியத் தர அளவான ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை ஜே.ஐ.எஸ். காடிக்குள் முழுசாக இறங்காமல் மேலேயே முட்டி நின்றுவிடும். பலம் கொடுத்துத் திருப்பும்போது அதன் சரிவான பக்கங்கள் முனையை வெளியே தள்ளும், காடியின் ஓரம் சீவிக்கொண்டு போகும். இரண்டு முறை வழுக்கினால் ஸ்க்ரூ போச்சு. ஜே.ஐ.எஸ். முனையைப் பிலிப்ஸ் ஸ்க்ரூவில் போட்டால் அநேகமாக நன்றாகவே பிடிக்கும். அதனால் ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஜே.ஐ.எஸ். வாங்குங்கள், வெஸல் போன்ற ஜப்பானியத் தயாரிப்புகளில் கிடைக்கும். ஐரோப்பிய கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே ஸ்க்ரூவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பல ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். புள்ளி இல்லாத ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூவும் உண்டு, எனவே பொருத்திப் பார்ப்பதே நம்பகம். ஸ்க்ரூடிரைவரைப் படுக்கைவாட்டில் பிடித்து, முனையில் ஸ்க்ரூவை மாட்டுங்கள். விழாமல், ஆடாமல் நின்றால் சரியான முனை. காந்த முனை இந்தச் சோதனையைப் பொய்யாக்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். 3 முதல் 5 மி.மீ. வரையிலான ஸ்க்ரூவுக்கு 2-ஆம் நம்பர் முனை. ஃப்ளோட் பௌல் ஸ்க்ரூ பெரும்பாலும் இதற்குள் அடங்கும். இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஏழு பங்கு அழுத்து, மூன்று பங்கு திருப்பு என்பது ஜப்பானிய மெக்கானிக்குகளின் வழக்கம். அப்படியே செய்து பாருங்கள், வித்தியாசம் கையில் தெரியும்.

அப்புறம் ஜெட். இது பித்தளை, மென்மையானது. சாதாரண ஃபிளாட் ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால் காடியின் மேல் விளிம்பை மட்டும் தொடும். திருப்பினால் விளிம்பு பிய்ந்து வரும். இரண்டு பக்கமும் இணையாகத் தீட்டிய, காடியின் அகலத்தை நிரப்பும் முனைதான் வேண்டும். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் ஒடுங்கிய குழிக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும். முனைக்கு மேல் கம்பி அகன்றிருந்தால் குழியின் சுவரைக் கீறிவிடும். முனையும் கம்பியும் ஒரே அகலமாக இருக்கும் மெல்லிய வகையை இதற்கென்றே தனியாக வைத்திருப்பது நல்லது.

நான் அதிகம் பயப்படுவது, ஐடிலிங்கில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைப் பார்த்துத்தான். அதன் கூர்முனை ஊசிபோல மெல்லியது. ட்யூனிங் செய்யும் முன் 'முழுசா டைட் பண்ணி, அப்புறம் சுற்று எண்ணித் திற' என்று சொல்வதைக் கேட்டு, நிஜமாகவே டைட் செய்கிறவர்கள் உண்டு. முனை உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அல்லது அது உட்காரும் துளை விரிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை சுற்று திறந்தாலும் ஐடிலிங் நிலைக்காது. இங்கே பெரிய கைப்பிடி ஆபத்து. விரல் நுனியில் உருட்டும் சிறிய ஃபிளாட் முனையே போதும். ஸ்க்ரூ உட்காருவது விரலுக்குத் தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். வளையும் கம்பி வைத்த டிரைவரில் அந்த உணர்வு மங்கிவிடும். அதனால் அதை வைத்து ஸ்க்ரூவை உட்கார வைக்காதீர்கள், பிறகு கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருத்த மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது? ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் பெரும்பாலும் அது ஏர் ஸ்க்ரூ, வெளிப்பக்கம் திருகினால் கலவையில் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கலவை ஸ்க்ரூ, வெளிப்பக்கம் திருகினால் பெட்ரோல் கூடும். புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு வந்த பல வண்டிகளில் இதன் தலை 'டி' வடிவிலோ பல் வைத்த வட்டமாகவோ இருக்கும். கண்டவர் திருகக் கூடாது என்பதற்காகவே அப்படி. மூக்குக் குறடால் பிடித்துத் திருகாமல், அந்தத் தலைக்கான டிரைவரை வாங்குங்கள். கழற்றினால் ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மூன்றும் வந்தனவா என்று பார்க்க வேண்டும். ஓ-ரிங் பெரும்பாலும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிடும்.

ட்யூனிங் இன்ஜின் சூடான பிறகுதான் செய்ய வேண்டும், இடமோ குறுகல். நீளமான ஸ்க்ரூடிரைவரைச் சாய்த்து நுழைத்தால் முனை காடியில் நேராக நிற்காது, முழங்கை சைலன்சரில் படும். தொண்ணூறு டிகிரி திரும்பிய தலையுள்ள டிரைவர் இந்த வேலைக்கென்றே இருக்கிறது.

பௌல் ஸ்க்ரூவின் தலை ஏற்கெனவே அழிந்திருந்தால் கார்புரேட்டரை வண்டியிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, தலையின் ஓரத்தை வைஸ் கிரிப்பால் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் இளகும். சுத்தியலால் அடிக்கும் இம்பேக்ட் டிரைவரை இதில் நான் எடுப்பதில்லை. உடல் மென்மையான கலப்பு உலோக வார்ப்பு, விரிசல் விட்டுவிடும். பழைய ஸ்க்ரூக்களைத் தூக்கிப்போட்டுவிட்டு அறுகோணக் குழியுள்ள ஆலன் தலை ஸ்க்ரூ மாற்றுவது நல்ல யோசனைதான், ஆனால் எல் வடிவ ஆலன் கீயின் நீளக் கையைப் பிடித்து இறுக்கினால் கார்புரேட்டர் உடலின் மரை உரிந்து வந்துவிடும். நீளக் கையை ஸ்க்ரூவுக்குள் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் திருப்பி இறுக்கினால் போதும்.