பம்ப் இல்லாத மாணவர் ராக்கெட்

திரவ எரிபொருள் ராக்கெட்டில் எரிய வைப்பதைவிடப் பெரிய பாடு, எரியறைக்குள் எரிபொருளைத் தள்ளுவதுதான். உள்ளே ஏற்கெனவே உயர் அழுத்தத்தில் நெருப்பு கொதித்துக்கொண்டிருக்கும். அதைவிட அதிக அழுத்தம் இருந்தால்தான் திரவம் உள்ளே போகும். பெரிய ராக்கெட்டுகளில் அதற்கு டர்போ பம்ப் என்ற, டர்பைனால் சுழலும் அதிவேகப் பம்ப் இருக்கிறது. மாணவர் குழுக்களுக்கு அது கட்டுப்படியாகாது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக மாணவர்கள் 2016 மே மாதம் மோஹாவே பாலைவனத்தில் வல்கன்-1 ராக்கெட்டை ஏவினார்கள். முப்பரிமாண அச்சில் உருவான உலோக எஞ்சின், திரவ ஆக்சிஜன், மண்ணெண்ணெய். அருமையான வேலை. ஆனால் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிப்பது. அந்தக் குளிரைத் தாங்கும் வால்வுகள் விலை கூடியவை.

எரிய ஆக்சிஜன் தருவதற்கு இன்னும் மலிவான வழி நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே சிரிப்பூட்டும் வாயு. சமையல் கேஸ் சிலிண்டரில் இருப்பதுபோல, இதுவும் தன் ஆவியின் அழுத்தத்திலேயே திரவமாக நிற்கும். ஆனால் அழுத்தம் மிக அதிகம்: 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 50 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் 50 மடங்கு. எரியறையை 20, 25 பாரில் ஓட்டினால், தள்ளுவதற்கு இதுவே தாராளம்.

சரி, இதோடு எரிபொருளாகச் சேரும் ஆல்கஹாலை யார் தள்ளுவது? ஹாஃப் கேட் ராக்கெட்ரி என்ற குழு இலவசமாக வெளியிட்ட மோஹாவே ஸ்ஃபிங்ஸ் வடிவமைப்பில் இதற்கான விடை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே அலுமினியக் குழாய். நடுவே நகரும் பிஸ்டன். ஒரு பக்கம் நைட்ரஸ், மறுபக்கம் ஆல்கஹால். நைட்ரஸின் அழுத்தம் பிஸ்டன் வழியாக ஆல்கஹாலுக்கும் அப்படியே போய்ச் சேருகிறது. தனி அழுத்தக் கலன் வேண்டாம், ரெகுலேட்டர் வேண்டாம். நைட்ரஸ் தீரத் தீர மீதி கொதித்துக் குளிரும், அழுத்தம் இறங்கும். கூடவே ஆல்கஹாலின் அழுத்தமும் இறங்குவதால் இரண்டும் கலக்கும் விகிதம் பெரிதாகக் கெடுவதில்லை.

எரியறைச் சுவரைக் காப்பதும் ஆல்கஹால்தான். திரவங்களை எரியறைக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஓரத் துளைகள் அதைச் சுவரை ஒட்டிப் பீய்ச்சும். அந்த ஈரப்படலம் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். எஞ்சின் சில விநாடிகளே எரிவதால் அது போதும். பற்றவைப்பதில் மட்டும் வரிசை தவறக்கூடாது: முதலில் தீப்பொறி, அப்புறம்தான் வால்வு. திரவங்கள் முதலில் தேங்கிப் பிறகு பற்றினால் எஞ்சினே வெடிக்கும்.

மலிவு என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. நைட்ரஸ் எரிபொருளே இல்லாமல் தானாகச் சிதைந்து வெப்பத்தைக் கக்கும். 2007 ஜூலையில் இதே மோஹாவேயில், எஞ்சினைப் பற்றவைக்காமல் நைட்ரஸை மட்டும் பாய்ச்சிப் பார்த்த ஒரு சோதனையில் வெடிப்பு ஏற்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். அதனால்தான் நைட்ரஸ் படும் பாகங்களை எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவுகிறார்கள். ஆட்கள் விலகிய பிறகே தொலைவிலிருந்து நிரப்புகிறார்கள்.

நிரம்பியதை அறிவது எளிது. டேங்கின் மேல்பக்கம் சிறு துளை ஒன்று திறந்தே இருக்கும். திரவ மட்டம் அங்கே எட்டியதும், அதுவரை மெல்லக் கசிந்த ஆவி அடர்ந்த வெள்ளைப் புகையாகச் சீறும். பாலைவன வெயிலில் இதைத் தாமதிக்க முடியாது: 36.4 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் நைட்ரஸ் திரவமாக நிற்காது.