பல இடங்களில் பணம், ஒரே இடத்தில் ஆபத்து

கோவையில் என்னிடம் முதலீட்டு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒரு பட்டியல் கேட்பேன். வீடு, மனை, நகை, வங்கி டெபாசிட், பி.எஃப்., பாலிசி, சீட்டு, பங்கு என்று கையில் இருப்பதையெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, எதிரே இன்றைய மதிப்பையும் குறித்து எடுத்து வரச் சொல்வேன். தாளை நீட்டும்போதே பலரும் சொல்லிவிடுகிறார்கள்: “எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடவில்லை சார், பிரித்துத்தான் போட்டிருக்கிறேன்.”

திருப்பூரில் இருந்து வந்த ஒரு தம்பதியும் அதையே சொன்னார்கள். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) கணவருக்கு வயது 44. ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவர். மாதம் 75,000 ரூபாய் சம்பளம், நான்கு லைன் வீடுகளில் இருந்து 22,000 ரூபாய் வாடகை. அவர்களின் தாளில் பதினொரு வரிகள் இருந்தன. குடியிருக்கும் வீடு, 60 லட்சம் பெறும் லைன் வீடுகள், அவிநாசி அருகே ஒரு மனை, பல்லடம் அருகே இன்னொன்று, தலா 35 லட்சம், சுமார் 50 லட்சத்துக்கு நகை, பி.எஃப்.பில் 14 லட்சம். கூட்டுறவு வங்கியில் 9 லட்சம் டெபாசிட். இரண்டு பாலிசிகள், இன்று சரண் செய்தால் 6 லட்சம் வரும். கட்டி வரும் சீட்டில் 3 லட்சம். பங்குகளில் 4 லட்சம்.

பதினொரு வரிகள் என்றால் நன்றாகப் பிரித்து வைத்த குடும்பம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணவரிடம் ஒவ்வொரு வரியாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போனேன்: “திருப்பூருக்கு ஆர்டர் வருவது ஓர் ஆண்டு நின்றுபோனால் இது என்னவாகும்?” சம்பளம் ஆட்டம் காணும். லைன் வீடுகளில் இருப்பவர்கள் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். வேலை இல்லாவிட்டால் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். இரண்டு மனைகளையும் கேட்டு வருகிறவர்கள் ஏற்றுமதியாளர்களும் ஜாப் ஒர்க் செய்பவர்களும்தான். சீட்டு நடத்துபவர் நூல் வியாபாரி. பங்குகளாவது வேறு துறையா என்று பார்த்தால், பட்டியலிடப்பட்ட இரண்டு பின்னலாடை நிறுவனங்கள். “தெரிந்த தொழில் என்பதால் வாங்கினேன்” என்றார். நகை, பி.எஃப்., டெபாசிட், பாலிசிகள் தவிர மற்ற எல்லா வரிகளும் ஒரே தொழிலை நம்பி நின்றன.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டபோது அந்த ஊர் இதைப் பார்த்தது. 2020 ஊரடங்கில் மீண்டும் பார்த்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த நிறுவனங்கள் என்ன பாடுபட்டன என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் சம்பளம், வாடகை, மனை விலை மூன்றும் சேர்ந்தே அடி வாங்கின. சிவகாசி, கரூர், ஆம்பூர் என்று ஒரே தொழிலை நம்பி வாழும் எந்த ஊருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, சம்பளத்தோடு அதே நிறுவனத்தின் பங்குகள், பழைய மகாபலிபுரம் சாலையில் வாடகைக்கு விட்ட அடுக்ககம் என்று இருப்பவருக்கும் பொருந்தும்.

முதலீட்டைப் பிரிப்பது என்றால், ஒரு கெட்ட செய்தி வரும்போது எத்தனை வரிகள் சேர்ந்து விழும் என்று பார்த்து, சேர்ந்து விழாதவற்றில் பணத்தை வைப்பது. பத்திரமும் பாஸ்புத்தகமும் எத்தனை இருக்கின்றன என்பது முக்கியம் அல்ல.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே நிறுவனத்தில் போட்ட பணமானாலும், எந்த உருவத்தில் போட்டோம் என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாக மாறும். கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 17 அன்று அதன் செயல்பாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டு, வாடிக்கையாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் போனது. பத்து நாளில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் வைத்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. பங்கு மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது. வங்கி நொடித்தால் டெபாசிட்காரர்களுக்குப் பின்னால் நிற்கும் அதன் இரண்டாம் அடுக்குக் கடன் பத்திரங்களில் சுமார் 318 கோடி ரூபாயும் தள்ளுபடி ஆனது. அந்த வட்டாரத்தில் தலைமுறையாக வைத்திருந்த பங்குகளை டெபாசிட் போலவே பாதுகாப்பானவை என்று நம்பியவர்கள் இருந்தார்கள். வங்கி ஒன்றுதான், ஆனால் டெபாசிட்காரர் கடன் கொடுத்தவர், பங்குதாரரோ முதலாளி. முதலாளிக்கு நட்டம் முதலில் வரும், மிஞ்சியது கடைசியில்தான் கிடைக்கும். அதனால்தான் நன்றாகப் போகும் காலத்தில் பங்கு அதிகம் தருகிறது.

டெபாசிட்டுக்கும் எல்லை இருக்கிறது. டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைக்கும்தான். 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாக இருந்தது. ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் வைத்தாலும் சேர்த்துத்தான் கணக்கு. கூட்டுறவு வங்கிக்கு இந்தக் காப்பீடு உண்டு. நிதி நிறுவனங்களுக்கும் சீட்டுக் கம்பெனிகளுக்கும் கிடையாது. திருப்பூர்க்காரரின் 9 லட்சம் ஒரே வங்கியில், அவர் ஒருவர் பெயரில் இருந்தது. அன்று நான் சொன்ன எல்லாவற்றிலும் எளிதானது அதை இரண்டு வங்கிகளில், மனைவி பெயரிலும் பிரிப்பதுதான். செலவு ஒன்றும் இல்லை.

மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்கள் இன்னொரு விதமாக ஏமாறுகிறார்கள். ஐந்து நிறுவனங்களின் ஐந்து லார்ஜ்கேப் ஃபண்டுகளை வாங்கிவிட்டுப் பிரித்துவிட்டதாக நினைக்கிறார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி லார்ஜ்கேப் ஃபண்டு தன் பணத்தில் 80 சதவீதத்தையாவது சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில்தான் போட வேண்டும். ஐந்து மேலாளர்களும் அதே நூறில் இருந்துதான் பொறுக்குகிறார்கள். ஐந்து அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முதல் பத்து வரிகளில் பெரும்பாலும் அதே வங்கிகள் இருக்கும். ஒன்று போதும்.

இனி நிலம். நம் மக்களுக்கு மண்ணின் மீது இருக்கும் பற்று எனக்குப் புரிகிறது. என் பெற்றோரும் அப்படித்தான். ஆனால் முதலீட்டுக்காக மனை வாங்கும்போது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் முதல் நாளே போகிறது. மகளின் கல்லூரிக்கு மூன்று லட்சம் தேவைப்பட்டால் நாலு சென்ட்டில் கால் சென்ட்டை விற்க முடியாது. விற்றால் முழுவதையும் விற்க வேண்டும், அதுவும் வாங்குபவர் வரும் நாளில், அவர் சொல்லும் விலைக்கு. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் வாங்கியவர்கள் 2016-இல் உயர் நீதிமன்றம் பதிவுக்குத் தடை விதித்தபோது எவ்வளவு அலைந்தார்கள் என்பதை இந்த வட்டாரத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குடியிருக்க ஒரு வீடு வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. அந்த வீட்டை நான் முதலீட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் இந்தக் குடும்பத்தின் சொத்து 2 கோடியே 16 லட்சம். அதில் 60 சதவீதம் மண், 23 சதவீதம் நகை. மீதி எல்லாம் சேர்ந்து 17 சதவீதம்தான். அந்தப் பதினேழிலும் ஒரு வாரத்தில் கைக்கு வரக்கூடியவை 9 லட்சம் டெபாசிட்டும், விலை போனால் 4 லட்சம் பங்கும் மட்டுமே.

தங்கத்தைப் பற்றி இப்போது பேசுவது கடினம். 2025 தொடக்கத்தில் சென்னையில் 57,000 ரூபாய் அளவில் இருந்த சவரன் அக்டோபரில் 90,000-ஐத் தாண்டிய பிறகு, தங்கம் மட்டும் போதாதா என்று கேட்காதவர் இல்லை. அவர்களுக்கு நான் ஒரு பழைய விலையைக் காட்டுகிறேன். 2012-இல் பத்து கிராம் சுத்தத் தங்கம் ஏறத்தாழ 31,000 ரூபாய். 2018-லும் ஏறத்தாழ அதே 31,000 ரூபாய். இடையில் இன்னும் இறங்கியது. அந்த ஆறு ஆண்டுகளில் வங்கி டெபாசிட் வட்டி தந்துகொண்டிருந்தது. தங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பங்குச் சந்தையும் ரூபாயும் சேர்ந்து தடுமாறும் காலத்தில் அது பலமுறை கைகொடுத்திருக்கிறது, அவசரத்துக்கு அடகு வைக்கலாம். 10 அல்லது 15 சதவீதம் இருக்கட்டும். அணியும் நகையை அதில் முழுவதுமாகச் சேர்க்காதீர்கள். செய்கூலியும் சேதாரமும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் விற்கும் அன்று திரும்ப வருவதில்லை. மகளின் திருமணத்துக்கு என்று வைத்த நகையை எந்தத் தாயும் விலை ஏறிவிட்டது என்று விற்கப்போவதும் இல்லை.

அப்படியானால் எவ்வளவு எதில்? வயதை நூறில் கழித்து வருவதைப் பங்கில் போடு என்ற சூத்திரத்தை நான் பயன்படுத்துவதில்லை. முதலில் கேட்க வேண்டியது எந்தப் பணம் எப்போது தேவை என்பது. ஆறு மாதச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் செலவழிக்கப்போகும் பணம் பங்குப் பக்கமே போகக் கூடாது, டெபாசிட், ஆர்.டி., அஞ்சலகம் போதும். ஏழு, பத்து ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத பணத்துக்குத்தான் விகிதம் பேசலாம். நாற்பதுகளில், நிலையான சம்பளம் உள்ளவருக்குப் பாதியளவு பங்கு, மூன்றில் ஒரு பாகத்துக்குச் சற்று மேல் பி.எஃப்., பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), டெபாசிட் போன்ற நிலையான வட்டி, மீதி தங்கம் என்பது நான் தொடங்கும் இடம். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப். நிலையான வட்டிக் கணக்கில் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பங்கு நீண்ட காலத்தில் எப்படியும் ஏறும், எல்லாவற்றையும் அதிலேயே போடலாம் என்று சொல்லும் இளைஞர்களுக்கு ஜப்பானைச் சொல்வேன். அங்கே நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில்.

விகிதம் வைப்பதைவிடக் கடினம் அதைக் காப்பது. 2020-ஐ வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். ஜனவரி நடுவில் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 41,952-இல் இருந்தது. அன்று ஒருவரிடம் 5 லட்சம் அந்தக் குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைக்கும் பங்குக் குறியீட்டு ஃபண்டிலும் 5 லட்சம் டெபாசிட்டிலும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 25,981. ஃபண்டு 3 லட்சத்துப் பத்தாயிரமாகிவிட்டது. மொத்தம் 8 லட்சத்துப் பத்தாயிரம். பாதிக்குப் பாதி என்ற விகிதத்தைக் காப்பதென்றால், ஊரே அடைந்து கிடக்கும் அந்த வாரத்தில் டெபாசிட்டில் இருந்து 95,000 ரூபாயை எடுத்து ஃபண்டில் போட வேண்டும். போட்டவருக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று, சென்செக்ஸ் 47,751-இல் முடிந்தபோது, வட்டியைச் சேர்க்காமலே சுமார் 11 லட்சத்து 49 ஆயிரம் இருந்திருக்கும். ஒன்றும் செய்யாமல் இருந்தவருக்கு 10 லட்சத்து 69 ஆயிரம். தொடக்கத்திலேயே 10 லட்சத்தையும் பங்கில் போட்டவருக்குக்கூட 11 லட்சத்து 38 ஆயிரம்தான். அடிமட்ட நாளைச் சரியாகப் பிடிப்பது யாராலும் முடியாது, ஆகவே இந்த எண்கள் அப்படியே கிடைக்காது. ஆனால் டெபாசிட்டில் பாதி இருந்ததால்தான் விலை விழுந்தபோது வாங்கக் கையில் பணம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில் வருமான வரிக்காகக் காகிதங்களை எடுக்கும்போதே இதையும் பாருங்கள். விகிதம் ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் கை வையுங்கள். விற்றால் வரி உண்டு. பங்கு ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்து விற்ற லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம். அதனால் முடிந்தவரை புதிதாகப் போடும் பணத்தைக் குறைந்த பக்கம் திருப்பிவிட்டே சரிசெய்வது நல்லது.

அந்தத் தம்பதி என்னிடம் வந்தது மூன்றாவது மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய வாரம். அதை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். டெபாசிட்டில் மூன்றரை லட்சம் அவசரத் தேவைக்கு, ஐந்தரை லட்சம் இரண்டு ஆண்டில் கல்லூரிக்குப் போகும் மகளுக்கு என்று பெயர் எழுதி ஒதுக்கியாயிற்று. பின்னலாடைப் பங்குகளை விற்று, எல்லாத் துறைகளும் உள்ள ஒரு குறியீட்டு ஃபண்டுக்கு மாற்றினார். மாதம் மிஞ்சும் 40,000 ரூபாயில் 30,000 அதே ஃபண்டுக்கும் 10,000 பி.பி.எஃப்.புக்கும் போகிறது. ஐந்து ஆண்டில் போட்ட அசல் மட்டுமே 24 லட்சம். மகளின் படிப்புச் செலவு போகவும், மண்ணும் நகையும் அல்லாத பகுதி மொத்தச் சொத்தில் கால் பங்கை நெருங்கிவிடும். பல்லடம் மனையை விற்பதா வேண்டாமா என்பதில் மட்டும் கணவன் மனைவிக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. விற்கலாம் என்பது மனைவியின் எண்ணம். நானும் அவர் பக்கம்தான். அடுத்த முறை வரும்போது வில்லங்கச் சான்றிதழையும் மனைப்பிரிவின் அங்கீகார ஆணையையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.