தரைக்கடைக்காரர் கையில் இருக்க வேண்டிய தாள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் பூ விற்கும் ஓர் அம்மாவின் கூடையையும் தராசையும் ஒரு மாலை மாநகராட்சி லாரியில் ஏற்றிப் போனதைப் பார்த்தேன். எதை எடுத்தோம் என்று ஒரு சீட்டுகூட அவரிடம் தரவில்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. மறுநாள் அலைந்து முடிப்பதற்குள் மல்லிகை கருகிவிட்டது.

தெரு வியாபாரிகளைக் காக்க 2014-இல் மத்தியச் சட்டம் வந்தது. நகரத் திட்டத்தில் அவர்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அந்தச் சட்டப்படி நடக்கும் தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் பதிந்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது போதாது, தெருவில் விற்க அனுமதி தரும் விற்பனைச் சான்றிதழ் கையில் வர வேண்டும். விடியற்காலையில் கீரை விற்று ஒன்பது மணிக்குள் வீடு திரும்புகிறவர், மதியம் வரும் கணக்கெடுப்பாளர் கண்ணில் படுவதே இல்லை. விடுபட்டவர்கள் இரண்டு கணக்கெடுப்புக்கு இடைப்பட்ட காலத்திலும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். "அடுத்த கணக்கெடுப்பு வரட்டும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும், அங்கே போனால் குறிப்பிட்ட அலுவலர் விடுப்பு என்பார்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. மனுவை இரண்டு படியாக எழுதுங்கள். ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள்.

சான்றிதழ் கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். வேறு பிழைப்பு இல்லை, நானோ என் குடும்பத்தாரோதான் விற்போம் என்று உறுதிமொழி தருகிறீர்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் நல்ல விலை கிடைக்கிறதென்று இடத்தை வெளியாளுக்கு வாடகைக்கு விட்டால் சான்றிதழே ரத்தாகலாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் மகளை உட்காரவையுங்கள்.

கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ்கள் வழங்கும்வரை ஏற்கெனவே விற்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஸ்மார்ட் சிட்டி வேலை, மாசி வீதியில் நெரிசல் என்று எந்தக் காரணம் சொன்னாலும் இது மாறாது. கெடு முடிந்து பொருளை எடுத்தால், கையெழுத்திட்ட பட்டியலைத் தர வேண்டும். திரும்பக் கேட்டு உரிய கட்டணம் கட்டினால் பூ, பழம், காய்கறியை அன்றே கொடுத்தாக வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலைநாளுக்குள். பட்டியல் தர மறுத்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள்.

தெரு வியாபாரத்தைக் கவனிக்க இந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். உங்கள் பிரதிநிதி யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.