மாசிப் பனியும் லொறி மெத்தையும்

சம்மாந்துறைப் பக்க வயல்களில் பெரும்போக வெட்டு தொடங்கிவிட்டால், அறுவடை இயந்திரத்தை ஏற்றிவரும் லொறியே அதன் சாரதிக்கும் இயந்திரம் ஓட்டுபவருக்கும் சில வாரங்களுக்கு வீடாகிவிடுகிறது. இங்கே வேலை முடிந்ததும் பொலன்னறுவை, பிறகு அனுராதபுரம் என்று இயந்திரம் நகர நகர, அவர்களுடைய படுக்கையும் கூடவே நகர்கிறது. அண்மையில் அப்படியொரு லொறியில், இருக்கைக்குப் பின்னால் தகரம் அடித்து உருவாக்கியிருந்த சிறிய படுக்கை அறையைப் பார்த்தேன். தரைத் தகரத்தின்மேல் நேராக விரித்திருந்த நாலங்குல மெத்தையைச் சாரதி தூக்கிக் காட்டினார். அதன் அடிப்பக்கத்தில் ஓர் ஆள் படுத்திருந்த உருவம், தோளும் இடுப்பும் குதிகாலும் பிரித்தறியக்கூடிய விதத்தில், கரும்பூஞ்சணமாகப் பதிந்திருந்தது. "மழையும் இல்ல, கூரையும் ஒழுகல்ல, இந்த ஈரம் எங்கால வந்த தம்பி?" என்று அவர் கேட்டார்.

அந்த ஈரம் வெளியிலிருந்து வந்ததன்று; படுத்திருந்தவரிடமிருந்தே வந்தது. வியர்வை தெரியாத குளிர்ந்த இரவிலும் நமது உடல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நீராவியை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஓர் இரவில் அப்படி வெளியேறும் நீர் ஒரு தேநீர்க் குவளையை நிரப்பக்கூடியது. அதில் மெத்தைக்குள் இறங்கும் பங்கு, சூடான மேற்பரப்பிலிருந்து குளிர்ந்த அடிப்பரப்பை நோக்கி மெல்ல நகர்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்று 26 பாகைக்குக் குளிர்ந்தாலே, தன்னால் தாங்க முடியாத நீரைத் துளிகளாக விட்டுவிடும். உடலோடு ஒட்டிய காற்று ஏறத்தாழ இந்த நிலையில்தான் இருக்கிறது. மெத்தைக்குக் கீழேயுள்ள தகரமோ விடியற்காலையில் அந்த 26 பாகைக்கும் கீழே போய்விடுகிறது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம்மவர்கள் சொல்வது கூரைக்கு மேலே நடப்பதைப் பற்றி. மேகமற்ற இரவில் கூரைத் தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து நனைகிறது. லொறிக்குள் அதே பனி மெத்தைக்கு அடியிலும் பெய்கிறது. இடுப்பு அழுந்துமிடத்தில் மெத்தை மெலிந்து, காற்றும் புகாமல் இருப்பதனால், கருமை அங்கேதான் மிகுதியாக இருந்தது.

ஆகவே நகரும் படுக்கைக்கு மெத்தை தேர்வதை, எவ்வளவு மெதுமை என்பதிலிருந்து தொடங்காமல், அடியில் காற்று எப்படிப் போகும் என்பதிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே என் கருத்து. மெத்தையைத் தரையிலிருந்து ஒன்றரை அங்குலமாவது உயர்த்திச் சலாகைகளின்மேல் இட்டு, சலாகைகளுக்கு இடையே இரண்டங்குல வெளி விட்டால், கீழே வரும் நீராவி தகரத்தைத் தொட்டுக் குளிர்வதற்கு முன்னரே பெரும்பாலும் கலைந்துவிடும். இடைவெளியை மூன்று அங்குலத்துக்கு மேலாக்கினால் மெத்தை அதற்குள் பிதுங்கித் தேயும். கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறையைக் கழற்றாமல் பாவிப்பது நம்மிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். மெத்தை அழுக்காகாது என்பது உண்மைதான், ஆனால் நீராவியும் வெளியேறாது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் குதிரைகளைப் போட்டிகளுக்கு ஏற்றிச் செல்பவர்கள், குதிரைகள் நிற்கும் அதே இழுவை வண்டியின் முன்பகுதியில் சமையலறையும் படுக்கையும் அமைத்துக்கொள்கிறார்கள். வண்டி இழுவாகனத்தோடு பிணையும் இடத்துக்கு மேலே, நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை முட்டும் உயரத்தில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அந்தக் கட்டில் அமைகிறது. அங்கும் மெத்தையின் அடியில்தான் நீர் கோக்கிறது. அவர்களும் சலாகையோ வலைப்பின்னல் விரிப்போ இட்டு மெத்தையை உயர்த்துகிறார்கள்.

அடி சரியானால், அடுத்தது மெத்தையின் உள்ளே இருப்பது. கடைக்காரர் ஸ்பொஞ்ச் என்று சொல்லும் பொலியூரிதேன், 1937ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஒட்டோ பேயர் கண்டறிந்த வேதிப்பொருளின் நுரை வடிவம். அதைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் பார்த்தால், ஒன்றோடொன்று கோத்த நுண்ணிய கூடுகள் தெரியும். ஒவ்வொரு கூடும் மெல்லிய கால்களால் மட்டுமே ஆனது. கையால் அழுத்தும்போது முதலில் அந்தக் கால்கள் சற்று வளைந்து எதிர்க்கின்றன. மேலும் அழுத்தினால் அவை ஒவ்வொன்றாக மடங்கிச் சாய்வதால், எதிர்ப்பு அதிகம் கூடாமலே மெத்தை இறங்குகிறது. நமக்குச் சுகமாகப் படுவது இந்தக் கட்டம்தான். பாதிக்கு மேல் நசுங்கியபின் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எதிர்ப்பு திடீரென்று ஏறிவிடும். அப்போது நாம் படுத்திருப்பது மெத்தையில் அல்ல, பலகையில். கடையில் கைமுட்டியால் இரண்டு முறை குத்திப் பார்ப்பவருக்கு இரண்டாம் கட்டம் மட்டுமே தெரியவரும். விடியற்காலை இடுப்பு வலிக்குக் காரணமான மூன்றாம் கட்டம் வீட்டுக்கு வந்தபின்னரே தெரியும்.

மூன்றாம் கட்டம் விரைவில் வருமா என்பதையும், கால்கள் எத்தனை ஆண்டு உடையாமல் மடங்கி நிமிரும் என்பதையும் பெருமளவுக்குத் தீர்மானிப்பது நுரையின் அடர்த்தி. அடர்த்தியும் கடினமும் ஒன்றல்ல. இலேசான நுரையையும் கடினமாகச் செய்யலாம், அது ஓராண்டில் குழி விழும். அடர்த்தியை அறியத் தராசு ஒன்றே போதும். 6 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் 4 அங்குலத் தடிப்பும் உள்ள மெத்தையின் கனவளவு 5 கன அடி, அதாவது ஏறத்தாழ 0.14 கன மீற்றர். உறை நீங்கலாக அது இரண்டரைக் கிலோ மட்டும் நிறுத்தால், அடர்த்தி கன மீற்றருக்கு 18 கிலோ. அது வீட்டில் விருந்தினர் எப்போதாவது படுப்பதற்கே ஏற்றது. நாலேகால் கிலோ நிறுத்தால் 30 கிலோ அடர்த்தி; அன்றாடம் படுப்பவர் அதற்குக் குறைய வாங்கக்கூடாது. சிலர் நிறையைக் கூட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூளைக் கலக்கிறார்கள். வெட்டுவிளிம்பைக் கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்த்து வெண்தூள் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

விலை அதிகமான நினைவு நுரையை நான் இங்கு பரிந்துரைக்கமாட்டேன். 1966ஆம் ஆண்டு நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கென உருவாக்கப்பட்ட அந்த நுரை, வெப்பத்தால் இளகி உடலின் வடிவத்தை ஏற்பது. குளிர்நாட்டு வண்டியில் இரவில் அது பலகைபோல் இறுகிக் கிடந்து, உடற்சூட்டால் மெல்ல இளகும். மட்டக்களப்பு வெயிலிலோ நாம் படுப்பதற்கு முன்பே இளகிவிட்டிருப்பதனால், உடல் புதைந்து வியர்வைக்கு வழியின்றிப் போகிறது. சுருள்வில் மெத்தையைக் கடற்கரை ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், மூலைக்கேற்ப வெட்டவும் முடியாது. ரப்பர் பாலால் பிணைத்த தும்பு மெத்தை இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகிறது: நார்களுக்கிடையே காற்று தாராளமாகப் போகும், கத்தியால் வெட்டி அறையின் வளைவுக்கு ஏற்பப் பொருத்தலாம். அது சற்று விறைப்பானது என்பதால், மேலே ஒன்றரை அங்குல இயற்கை ரப்பர் நுரையோ அடர்ந்த ஸ்பொஞ்சோ இட்டால் தோள் வலிக்காது. இலவம் பஞ்சு ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, ஆனால் சில மாதங்களில் கட்டிகட்டியாகிவிடும். மேலுறை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியாக இருக்கவேண்டும். நெற்சுணை ஒருமுறை நுரைக்குள் போய்விட்டால் எந்தத் தட்டலுக்கும் வெளியே வராது.

வாங்கிய மெத்தையைக் கெடுப்பது பெரும்பாலும் பகல்நேரம்தான். நுரை எவ்வளவு தூரம் நிரந்தரமாக அமுங்கிப்போகிறது என்பதைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களில், அதன் தடிப்பைப் பாதியாக அழுத்தி, 70 பாகை வெப்பத்தில் 22 மணிநேரம் வைத்துப் பார்ப்பது வழக்கம். வெயிலில் நிறுத்திய தகர அறைக்குள் மெத்தையை மடித்துக் கயிற்றால் இறுக்கி, அதன்மேல் ஜக்கையும் எண்ணெய்த் தகரத்தையும் வைத்துவிட்டு வயலுக்குப் போகிறவர், அந்தச் சோதனையைத் தம்மை அறியாமலே நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார். மடிப்பு விழுந்த இடம் பிறகு எழும்பாது.

உலர்த்துவதிலும் பொருளுக்கேற்ற வேறுபாடு உண்டு. தும்பையும் பஞ்சையும் நல்ல வெயிலில் போடலாம். ஸ்பொஞ்சையும் ரப்பர் நுரையையும் நேர் வெயிலில் நெடுநேரம் கிடத்தினால், புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து அதை மஞ்சளாக்கிப் பொடியாக உதிரச் செய்கின்றன. அவற்றுக்கு நிழலும் காற்றுமே போதும். சிறுபோகத்தின்போது வீசும் வறண்ட கச்சான், மர நிழலில் நிமிர்த்தி வைத்த மெத்தையை அரைநாளில் உலர்த்திவிடும். வாடைக் காலத்தில் அது நடவாது என்பதால், மாரி தொடங்குமுன் மெத்தையை வீட்டுக்குள் ஏற்றிவிடுவது உத்தமம்.

முதலில் சொன்ன சாரதி பழைய மெத்தையைக் கழித்துவிட்டு, தகரத்தின்மேல் கமுகஞ்சலாகை அடித்து, புதிய மெத்தை போட்டார். பொலன்னறுவைக்குப் புறப்படுமுன் அவர் தூக்கிக் காட்டியபோது அடிப்பக்கம் உலர்ந்தே இருந்தது. ஆனால் சலாகை எடுத்துக்கொண்ட ஒன்றரை அங்குலத்தால், எழும்பும்போதெல்லாம் கூரையில் தலை இடிப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த முறை மூன்றங்குலத் தடிப்பில், 40 கிலோ அடர்த்தியில் வெட்டி எடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.